ஊருக்குச் செய்யுற வேலைக்கும் ஒரு டியூ டேட் வேணும்

மூணு வாரமா பதிவுப் பக்கமே எட்டிப் பார்க்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். போதாக்குறைக்கு கோயமுத்தூர்ல சின்னதா ஒரு விளம்பர ஏஜென்சி வச்சிருக்கிற நண்பனுக்கு சனி ஞாயிறுகளில் வெப்சைட் வேலை செய்து கொடுக்கிறேன். (காசு வாங்கிக்கிட்டுத்தான். நட்பு வேற, இன்வாய்ஸ் வேற.) அங்கே பார்த்தது, கேட்டது, சண்டை போட்டது எல்லாம் சேர்ந்து இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இங்கிருந்தே நேரா பின்னூட்டப் பெட்டிக்குப் போய் திட்ட ஆரம்பிக்கலாம் :) ஆறேழு பேர் வேலை பார்க்கிற ஒரு சின்ன ஏஜென்சி ஊருக்கு ஏதாவது செய்யணும்னு நினைச்சா, அதை வருஷத்துக்கு ஒரு நாள் பேனர் கட்டி, டீஷர்ட் போட்டு, போட்டோ எடுத்துச் செய்யக் கூடாது. மாசா மாசம் செய்யுற கிளையன்ட் வேலைப் பட்டியலிலேயே ஒரு வரியாகச் சேர்த்துச் செய்யணும். அப்படி முடியலைன்னா செய்யாமலே இருக்கிறது நல்லது. ஆமாம், செய்யாமலே இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று கீழே.

முதலில் இந்த ஏஜென்சிகளில் ஒரு மாசம் எப்படி ஓடுதுன்னு தெரியாதவர்களுக்காக. நம்ம பொட்டி தட்டுற வேலையை விடக் கேவலமான பிழைப்பு ஒன்று இருக்குன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போச்சு. நண்பனிடம் ஒன்பது கிளையன்ட். ஒரு துணிக்கடை, ரெண்டு பல் ஆஸ்பத்திரி, ஒரு கிரைண்டர் கம்பெனி, மசாலாப் பொடி, அப்புறம் ரியல் எஸ்டேட், டியூஷன் சென்டர் இத்யாதி. எல்லோரோடும் 'ரிட்டெய்னர்' கணக்கு. அதாவது மாசத்துக்கு இவ்வளவு தொகை, அதுக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ், விளம்பரம் ஓட்டுறது, கடைசியில் ஒரு ரிப்போர்ட். இது மொத்தமும் ஒரு கூகுள் ஷீட்டில் ஒன்பது வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடிக்கணும், முடிஞ்சதா இல்லையா. தேதி தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்புக்கு எல்லோருக்கும் ஒரு பயம்.

மாசம் 25ஆம் தேதி வாக்கில் அடுத்த மாசத்துக்கான காலண்டர் போகணும். கிளையன்ட் அதை 31ஆம் தேதி ராத்திரி 11 மணிக்குத்தான் திறந்து பார்ப்பார். "லோகோ கொஞ்சம் பெருசா வேணும்" என்பார். பெருசாக்கினால், "இப்போ கொஞ்சம் காலியா இருக்கே, போன் நம்பரையும் போட்டுடுங்க." பொங்கல், மகளிர் தினம், அப்பா தினம், ஆசிரியர் தினம், உலக முட்டை தினம் வரைக்கும் வாழ்த்து போட்டாகணும். பல் டாக்டருக்கு முட்டையில் என்ன சம்பந்தம்னு கேட்டால், "பக்கத்துக் கிளினிக்காரர் போட்டிருக்காரே" என்பதுதான் பதில். இதில் 18% ஜிஎஸ்டி. பணம் வருவது தனிக் கதை, அதைப் பிறகு சொல்றேன்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அந்த ஒன்பது வரியும் மாசக் கடைசியில் பச்சையாகிவிடும் என்பதுதான் விசேஷம். துணிக்கடையின் போன் நம்பர் மாறினால் அன்னைக்கே கூகுள் மேப்பில் மாறும். டொமைன் காலாவதி ஆகுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரெண்டு பேர் ஞாபகப்படுத்துவாங்க. காரணம், அது ஷீட்டில் இருக்கு.

ஊர்ப் பணி மட்டும் ஷீட்டில் இருக்காது. அது 'சமூக அக்கறை' என்ற பெயரில் வெப்சைட்டின் தனிப் பக்கத்தில் இருக்கும். எந்த ஏஜென்சி தளத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்க. மரக்கன்று நடுறாங்க (நட்டதுக்கு அப்புறம் யார் தண்ணி ஊத்தினாங்கன்னு போட்டோ கிடையாது). மாரத்தானில் ஓடுறாங்க. ஏதாவது ஒரு இல்லத்தில் கேக் வெட்டுறாங்க. பாட்டிக்குப் புடவை கொடுக்கும்போது பாட்டி கேமராவைப் பார்க்கணும், புடவை நழுவி விழுந்தால் மறுபடி ஒரு தடவை கொடுக்கணும்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய் முகம் தெரிய படம் எடுத்துப் போடுறவங்களுக்கு ஒரு தகவல். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியுற மாதிரி பேரு, படம் வெளியிடுவதை 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் தடை செய்திருக்கு. ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும். கேக் வெட்டப் போறவங்க யாரும் இதைப் படிச்ச மாதிரி தெரியல.

இனி கதைக்கு வர்றேன். இது நண்பனோட ஏஜென்சி கதை இல்லை, வேற ஒரு ஏஜென்சி. பேரெல்லாம் வேண்டாம்.

ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். நடத்துறது ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தர். நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஏஜென்சி அவங்களுக்கு இலவசமா ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கு. திறப்பு விழா, சால்வை, ஷீல்டு, எல்லாம் ஜோரா நடந்திருக்கு. ஷீல்டு இன்னும் ஆபீஸ் அலமாரியில் இருக்கு, நான் பார்த்தேன். தளமும் நல்லாத்தான் இருந்திருக்கு. அதில் 'நினைவு நாள் சாப்பாடு' என்று ஒரு பக்கம். அப்பா அம்மா நினைவு நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை ஏத்துக்கிறவங்க எந்த நாள் காலியா இருக்குன்னு பார்த்துப் பதிவு பண்ணிக்கலாம். ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் நாள் பிடிக்கப் போட்டியே இருக்குமாம். மத்த சாதாரண செவ்வாய் புதன்தான் கஷ்டம், அந்த நாட்களை நிரப்பினது இந்தப் பக்கம்தான் என்று அந்தம்மா சொன்னாங்க.

டொமைனை வாங்கினது அந்த ஏஜென்சியில் வேலை பார்த்த ஒரு பையன், தன்னுடைய சொந்த மெயில் முகவரியில். பையன் வேலையை விட்டுப் போயிட்டான். டொமைன் காலாவதியாகப் போகுதுன்னு வந்த மெயில் எல்லாம் அவன் பார்க்காத பெட்டிக்குப் போயிருக்கு. நம்ம தொழிலில் இருக்கிறவங்களுக்குத் தெரியும், இந்த டாட் ஆர்க், டாட் காம் எல்லாம் காலாவதி ஆன மறுநாளே கை விட்டுப் போகாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சலுகைக் காலம், அதுக்கப்புறம் கூடுதல் கட்டணத்தோட மீட்க இன்னொரு 30 நாள், கடைசியா 5 நாள். யாராவது ஒருத்தர் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கல. யார் ஷீட்டிலும் அது ஒரு வரியா இல்லையே.

இப்படிக் கைவிடப்பட்ட முகவரிகளுக்குன்னே காத்திருக்கிற கூட்டம் இருக்கு. பத்திரிகைச் செய்தியிலிருந்தும் நாலு நல்ல தளங்களிலிருந்தும் பல வருஷமா சுட்டி கொடுக்கப்பட்ட பெயருக்கு தேடுபொறியில் ஒரு மரியாதை இருக்கும். அந்த மரியாதைக்காகவே வாங்குவாங்க. அப்படி வாங்கி, சூதாட்டத் தளம் ஒன்றைக் கொண்டு வந்து அங்கே உட்கார வச்சுட்டாங்க. இல்லத்தின் ரசீதுப் புத்தகத்தில் அந்த முகவரி. வாசல் போர்டில் அந்த முகவரி. "கண்ணு, நேத்து ஒருத்தர் போன் பண்ணி, ஏம்மா, முதியோர் இல்லம்னு பேரை வச்சுக்கிட்டு சீட்டாட்டம் நடத்துறீங்களான்னு கேக்குறார்" என்றார் டீச்சரம்மா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

"செய்யாமலே இருக்கலாம்" என்று மேலே சொன்னது இதனால்தான். தளமே இல்லாமல் இருந்திருந்தால் அந்தம்மா எப்பவும் போல போன் நம்பரை அச்சடித்துக் கொடுத்திருப்பாங்க. இலவசமா வந்த ஒன்று, நாலு வருஷமா கிடைச்ச நம்பிக்கையையும் கூட்டிக்கொண்டு போயிடுச்சு. ஏஜென்சிக்காரங்க கெட்டவங்க இல்லை. அவங்க கணக்கில் அந்த வேலை ஷீல்டு வாங்கின அன்னைக்கே முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

நம்ம துறையிலும் இதே கதைதானே? ரிலீஸ் அன்னைக்குக் கேக் வெட்டுவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்ததுன்னு எழுந்து பார்க்கிறவனுக்கு எவனும் கேக் வெட்டினதில்லை. ஆனா நமக்கு அதுக்கு ஒரு டீம், ஒரு டிக்கெட், ஒரு கெடு எல்லாம் இருக்கு. தர்மத்துக்குச் செய்யுற வேலைக்கு மட்டும் ஆர்வம் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம்.

இன்னொரு உதாரணம். கூகுள் 2003ஆம் வருஷத்திலிருந்து தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகத் தேடல் விளம்பரம் கொடுக்குது. மாசத்துக்கு 10,000 டாலர் மதிப்பு வரைக்கும். தப்பாப் படிக்கல, பத்தாயிரம் டாலர்தான். (அரசு அமைப்புகள், ஆஸ்பத்திரிகள், பள்ளி கல்லூரிகளுக்குக் கிடையாது.) கேட்ட உடனே, ஆகா, முதியோர் இல்லத்துக்கு வாங்கிக் கொடுத்துடலாமேன்னு தோணும். விண்ணப்பம் போட்டு வாங்குறது பெரிய விஷயம் இல்லை. விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 5 சதவீதமாவது அதைச் சொடுக்கணும், அதுவும் மாசா மாசம். தொடர்ந்து ரெண்டு மாசம் அதுக்குக் கீழே போனால் கணக்கை நிறுத்தி வச்சுடுவாங்க. ஆகவே பலன் தராத வார்த்தைகளை எடுத்துட்டு புதுசு போடணும், விளம்பர வரிகளை மாத்தணும். நம்ம டீச்சரம்மாவால் இது முடியாது. ஆனா பல் ஆஸ்பத்திரிக்காக இதே வேலையைத் தினமும் செய்யுற பொண்ணு ஒருத்தி நண்பனோட ஆபீஸ்லயே இருக்கா. அவளுக்கு இது மாசத்துக்கு ரெண்டு மணி நேர வேலை. ஒரு ஏஜென்சி ஊருக்குக் கொடுக்கக்கூடிய உருப்படியான பொருள் இதுதான். மரக்கன்று நட ஏஜென்சி எதுக்கு?

பெரிய கம்பெனிகள் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் தெளிவா இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் என்று வைத்த எல்லைகளில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிகள் முந்தின மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். தன் பொருளுக்கு விளம்பரப் பலன் கிடைக்கிறதுக்காக ஸ்பான்சர் பண்ணினால் அது இந்தக் கணக்கில் வராதுன்னு 2021இல் திருத்தின விதியே சொல்லுது. நம்ம ஆறு பேர் ஏஜென்சிக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. வரிச் சலுகை கூட இல்லை. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகின விலக்கு பணமாகக் கொடுத்தால்தான், உழைப்பாகக் கொடுத்தால் இல்லை. ஆக, இது முழுக்க முழுக்க அவங்க மனசுக்காகச் செய்யுறது. அதில் வேஷம் போட எந்த அவசியமும் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தொடர்ந்து செய்யுறதுக்கும் ஒரு நாள் கூத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மதுரைப் பக்கமே பெரிய பாடம் இருக்கு. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்றேன். அவங்க ஊர் ஊரா நடத்துற கண் முகாம்களில் வைத்தியம் அவங்க பொறுப்பு. இடம் பிடிக்கிறது, நோட்டீஸ் அடிக்கிறது, ஆள் சேர்க்கிறது எல்லாம் முகாமை நடத்த முன்வருகிற உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. ரோட்டரி, லயன்ஸ், கோயில் கமிட்டி என்று யாராவது. விளம்பரம் என்பது ஊருக்கு உண்மையிலேயே உபயோகப்பட்ட ஒரு இடம். ஆனால் முகாம்களை மட்டும் நம்பியிருந்தால் கண் பிரச்சினை இருக்கிறவர்களில் ரொம்பச் சின்னப் பங்குதான் வந்து சேருதுன்னு அவங்களே ஆராய்ந்து பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் 2000களில் சின்ன ஊர்களில் வருஷம் முழுக்கத் திறந்திருக்கிற பார்வை மையங்களை ஆரம்பிச்சாங்க. வேலை நாட்களில் எப்போ போனாலும் ஆள் இருக்கும். முகாமை அவங்க விட்டுடல, ஆனா முகாமோடு நிறுத்திக்கல.

பேனர் கட்டுறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் வச்ச பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயசுப் பொண்ணு பின்னாடி வந்த தண்ணி லாரியில் சிக்கி இறந்து போனார். நம்மளை மாதிரி சாஃப்ட்வேர்க்காரர். அதுக்கப்புறமும் ரத்த தான முகாமுக்கு ரோட்டை அடைச்சு பேனர் வைக்கிற ஏஜென்சிகளை நான் பார்க்கிறேன். என்னத்தைச் சொல்ல.

இதையெல்லாம் நண்பனிடம் கொட்டினேன். அவன் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கிற ஆளா?

"மச்சான், உனக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்துடும். நீ பேசுவ. எனக்கு ஜனவரி பில்லு ஏப்ரல்ல வருது. ஆறு பேருக்குச் சம்பளம் போடணும். இதுல இலவசமா பத்தாவது கிளையன்ட்டா?"

நியாயமான கேள்வி. 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டத்தில் வந்த திருத்தம், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும்னு ஆக்கிடுச்சு. "அந்தச் சட்டத்தைக் காட்டி வட்டி கேளு"ன்னு சொன்னேன். "கேட்டா வட்டி வரும், கிளையன்ட் போயிடுவான்" என்றான். அதுவும் சரிதான். சின்னவன் பாடு அப்படி.

ஆனா அவன் சொன்னதிலிருந்தே என் பதில் கிடைச்சது. காசுக்கு இழுபறி இருக்கிறதனால்தான் ஊர் வேலையை மனசு வர்றப்ப செய்யுறதுன்னு விடக் கூடாது. மனசு வர்றது பணம் வந்த மாசத்தில் மட்டும்தான். பத்து அமைப்புக்கு ஆளுக்கு ஒரு போஸ்டர் போட்டுக் கொடுக்காதே. ஒண்ணே ஒண்ணை எடு. மாசத்துக்கு நாலு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாதுன்னு எழுதிக்கோ. அந்த நாலு மணி நேரத்தை மசாலாப் பொடிக்காரருக்குக் காட்டுற அதே சிரத்தையோட செய். முடியாமல் போனால் விலகிக்கோ, ஆனா மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டு, சாவியைக் கையில் கொடுத்துட்டு விலகு.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் பிறகு ஷீட்டில் பத்தாவது வரி வந்துடுச்சு. டீச்சரம்மாவோட இல்லம்தான். ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். புது டொமைன் அறக்கட்டளை பேரில், அவங்க மெயிலில், அவங்க காசில். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை அவங்களே கட்டட்டும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். காசு கட்டினால்தான் தேதி ஞாபகம் இருக்கும். பாஸ்வேர்டு எல்லாம் அந்தம்மா ஒரு நோட்டில் எழுதி, ரசீதுப் புத்தகத்தோட பீரோவில் வச்சுட்டாங்க. செக்யூரிட்டி ஆட்கள் இதைப் படிச்சா நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க, பரவாயில்லை. நாலு மணி நேரத்தில் என்ன செய்யுறாங்கன்னா, அடுத்த மாசத்துக்கான காலி நாட்களைத் தளத்தில் போடுறது, மேப்பில் போன் நம்பர் சரியான்னு பார்க்கிறது, கூகுளின் இலவச விளம்பரத்துக்கு விண்ணப்பம் நகருதான்னு துரத்துறது. போட்டோ எடுக்கல. எடுக்கக் கூடாதுன்னு இல்லை, யாருக்கும் நேரம் இல்லை.

போன மாசம் பத்தாவது வரி ரெண்டு நாள் சிவப்பில் நின்னது. தீபாவளி விளம்பர நெரிசலில் மறந்துட்டாங்களாம். சிவப்பைப் பார்த்து நண்பனே உட்கார்ந்து முடிச்சிருக்கான். ராத்திரி 12 மணிக்கு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் அனுப்பினான்.

டிஸ்கி: உங்க பழைய பதிவுகளில், ஓரப்பட்டைகளில், ஏதாவது இல்லம், அறக்கட்டளை, ரத்த தானக் குழுவுக்குச் சுட்டி கொடுத்திருந்தால் தயவுசெய்து ஒரு தடவை சொடுக்கிப் பாருங்க. சுனாமி, சென்னை வெள்ள சமயத்தில் நாம எல்லோருமே நிறையச் சுட்டி போட்டோம். சீட்டாட்டம் வந்தால் சுட்டியை எடுத்துடுங்க, முடிஞ்சா அந்த அமைப்புக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.